படிக்காமல் போட்ட கையெழுத்து: போதைப்பொருள் வழக்கில் நான் பஞ்ச் சாட்சியாக நின்ற கதை

2019 மார்ச் 4, மகா சிவராத்திரி. பூக்கடைக்காரனுக்கு வருடத்தில் நாலைந்து நாள்தான் கையில் காசு புரளும், அதில் அது ஒன்று. மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே என் கடை. விடிகாலை தாதர் சந்தையில் எடுத்த வில்வமும் செவ்வந்தியும் சாயங்காலத்துக்குள் பாதி தீர்ந்திருந்தன. ராத்திரி ஒன்பது மணி வாக்கில் சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அடையாள அட்டையைக் காட்டி, "அண்ணா, தோ மினிட் கா காம் ஹை, ஏக் சைன் சாஹியே" (ரெண்டு நிமிட வேலை, ஒரு கையெழுத்து வேண்டும்) என்றார். இன்னொருவர் உதிரிப்பூ நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசைப் பார்த்துவிட்டு, அதையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். கூட்டம் நிற்கிறதே என்றேன். சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள். மனைவியைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, தராசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அந்தக் கையெழுத்துக்காக 2024-இல் ஒன்பது நாள் கோர்ட்டுக்கு அலைந்தேன். ஒரு தடவை என் பேரிலேயே வாரண்ட் வந்தது. சாட்சிக் கூண்டில் நின்று, நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருப்பதை நானே இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. முன்னாலேயே யாராவது ஒருவர் ஐந்து நிமிடம் சொல்லித் தந்திருந்தால் இது இப்படிப் போயிருக்காது. போலீஸ் சோதனை போடும்போது கூட நின்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வெளியாளைத்தான் பஞ்ச் என்பார்கள். அதற்குத் தெருவோரத்தில் கடை வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களைத்தான் போலீஸ் முதலில் கூப்பிடும். அதனால் எழுதுகிறேன். போலீஸ் குழு எது, எந்த ஸ்டேஷன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

அன்று ராத்திரி நான் பார்த்தது இவ்வளவுதான். ஒரு சந்தின் முனையில் ஜீப் நின்றது. நடைபாதை ஓரத்தில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே ஒரு பையன் குந்தியிருந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். ஜீப்பின் பானெட்டில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் கற்கண்டை இடித்த மாதிரி வெள்ளைத் தூள். நான் போகும்போதே அது அங்கே இருந்தது. என் தராசைப் பக்கத்தில் வைத்தார்கள். தட்டில் ஒட்டியிருந்த செவ்வந்தி இதழை ஒருவர் வாயால் ஊதித் தள்ளினார். தூளை உறையோடு அப்படியே தூக்கி வைத்தார். 0.055 என்று காட்டியது. இன்னொருவர் குறித்துக்கொண்டார். அப்புறம் தூளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு சின்ன உறைகளில் போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி, அரக்கை உருக்கிச் சொட்டவிட்டு முத்திரை குத்தினார்கள். சின்னத் துண்டுச் சீட்டுகள் ஆறேழில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். கடைசியாக நாலு பக்கம் மராத்தியில் கையால் எழுதிய காகிதம். "இதர், இதர்" என்று விரலால் காட்டக் காட்ட நானும் போட்டுக்கொண்டே போனேன். எனக்கு முன்னாலேயே இன்னொருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன். மராத்தி பேசுவேன். அச்சடித்த போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்து மராத்தி எனக்கு ஓடாது. பத்து மணிக்குக் கடைக்குத் திரும்பி, தராசை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பூ நிறுக்க ஆரம்பித்தேன். "ஏங்க, அதுல என்ன எழுதியிருந்துச்சு?" என்று மனைவி கேட்டாள். பஞ்சநாமாவாம், நடந்ததை எழுதி வைக்கிற நம்ம ஊர் மகஜர் மாதிரி என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஐந்து வருடம் போனது. நடுவில் கொரோனா வந்து கடையே எட்டு மாதம் மூடிக் கிடந்தது. 2024 ஜனவரியில் ஒரு கான்ஸ்டபிள் சம்மனோடு வந்து நின்றார். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் என்று வாசித்ததும் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைத்தான் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். முதல் நாள் சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து போய், பத்தரை மணியிலிருந்து நாலு மணி வரை வராந்தாவில் நின்றேன். வாய்தா. இரண்டாவது தடவை நீதிபதி விடுப்பு. மூன்றாவது தடவை எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. பூ வியாபாரம் மற்ற வியாபாரம் மாதிரி இல்லை. இன்றைக்கு விற்காததை நாளைக்கு விற்க முடியாது. ஒரு நாள் நான் இல்லையென்றால் குறைந்தது 2,000 ரூபாய் போகும்.

மார்ச் மாத வாய்தா பங்குனி உத்திரத்தை ஒட்டி வந்தது. திருநெல்வேலிப் பக்கம் குலதெய்வம் சாஸ்தா கோவிலுக்கு அன்றைக்குப் போகாமல் இருக்க முடியாது, டிக்கெட்டும் மூன்று மாதத்துக்கு முன்னாலேயே போட்டது. சம்மன் கொண்டுவந்த கான்ஸ்டபிளிடம் வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவரும் சரி என்று தலையை ஆட்டினார். திரும்பி வந்தால் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட் தயாராக இருந்தது. அதை ரத்து செய்ய வக்கீல், பத்திரம், ஒரு முழுநாள் என்று 2,500 ரூபாய் ஆனது. சாட்சிக்கே வாரண்ட் வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களுக்கு வாய்தா அன்று வர முடியாவிட்டால் கான்ஸ்டபிளிடம் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். காரணத்தை எழுதி, டிக்கெட் நகலை இணைத்து, அரசு வக்கீலின் அலுவலகத்தில் கொடுத்து, இன்னொரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. சாட்சிக்கு வழிச்செலவும் படியும் கொடுக்கச் சொல்லி உத்தரவிட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. அதை அன்றன்றைக்கே கேட்க வேண்டும். நான் ஒரு நாளும் கேட்கவில்லை, யாரும் தானாகத் தரவும் இல்லை.

ஜூலையில் ஒரு வழியாகச் சாட்சி சொல்ல நாள் குறித்தார்கள். முந்தின நாள் குழுவிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். பழைய ஆட்கள் யாரும் இல்லை, எல்லாரும் மாற்றலாகிப் போயிருந்தார்கள். பஞ்சநாமாவின் ஜெராக்ஸைக் கொடுத்து, "இதில் இருப்பதைச் சொன்னால் போதும், பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள்" என்றார். அதை எடுத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் வக்கீலிடம் போனேன். வயதானவர், மராத்தி தண்ணீர் பட்ட பாடு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

மாலை 7.15-க்கு என்னைப் பஞ்சாக அழைத்தார்களாம். என் கண் முன்னால் பையனிடம், அவனைச் சோதனை போடுவதற்கு முன் இருக்கும் உரிமையைச் சொன்னார்களாம். வேண்டாம், நீங்களே சோதனை போடுங்கள் என்று அவன் எழுதிக் கொடுத்தானாம். என் கண் முன்னால் அவன் பேண்ட்டின் வலது பையிலிருந்து உறையை எடுத்தார்களாம். குழு கொண்டுவந்திருந்த தராசில் உறை நீக்கி நிறுத்தபோது 55 கிராம் மெபெட்ரோன், அதாவது மும்பையில் எம்.டி. என்று சொல்லும் பொருள், இருந்ததாம். கீழே என் கையெழுத்து. நாலு பக்கத்திலும்.

சிவராத்திரி அன்று 7.15-க்கு நான் எங்கே இருந்தேன் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கோவிலுக்கு ஒப்புக்கொண்ட மாலைகளை அந்த நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். வருடா வருடம் அதே நேரம்தான். வேறு எந்த நாளாக இருந்தாலும் ஐந்து வருடம் கழித்து எனக்கு நினைவு இருந்திருக்காது. ஒருவேளை அப்படித்தான் நடந்திருக்கும் போல என்று நானும் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

இந்த வரிகளுக்கு என்ன மதிப்பு என்று வக்கீல் அன்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் வந்தது. தண்டனை கடுமை. பொருள் அவன் கையில் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், எனக்குத் தெரியாது என்பதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். அதனால்தான் பிடிக்கும் முறையிலும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். 50-ஆவது பிரிவின்படி, ஒருவரின் உடம்பைச் சோதிக்கும் முன், அருகிலுள்ள மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை நடக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உனக்கு இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வேண்டும். இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. 2010-இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் அதை இன்னும் இறுக்கியது. மாஜிஸ்திரேட், கெசட்டட் அதிகாரி என்ற இந்த இரண்டோடு "அல்லது நாங்களே சோதிக்கலாம்" என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பது செல்லாது என்று 2014-இல் பர்மானந்த் வழக்கில் சொல்லியிருக்கிறது. நான் கையெழுத்திட்ட காகிதத்தில் அந்த மூன்றாவதும் இருந்தது.

அடுத்து எடை. மெபெட்ரோனுக்கு 2 கிராம் வரை சிறிய அளவு, 50 கிராமுக்கு மேல் போனால் வணிக அளவு. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பத்து ஆண்டு வரை தண்டனை, நீதிபதி குறைத்துக் கொடுக்கலாம். 50-ஐத் தாண்டிவிட்டால் பத்து ஆண்டுக்குக் குறையாது, இருபது வரை போகும், அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். ஜாமீனுக்கும் 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போய் மறுபடி குற்றம் செய்ய மாட்டான், இந்த இரண்டிலும் கோர்ட்டுக்குத் திருப்தி வந்தால்தான் ஜாமீன். கலப்படத் தூள் இருந்தால் அதையும் சேர்த்தே நிறுக்கலாம் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் பிளாஸ்டிக் உறை கலப்படம் ஆகாது. எனக்கு அப்போதுதான் தராசு ஞாபகம் வந்தது. அது உதிரிப்பூ நிறுக்கிற தராசு, ஐந்து ஐந்து கிராமாகத்தான் ஏறும். 50 காட்டும், அடுத்தது 55. நடுவில் எதையும் காட்டாது. அதில் உறையோடு வைத்து வந்த எண் அது. "சார், அது என் தராசு" என்றேன். வக்கீல் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

அன்றிரவு தூக்கம் இல்லை. நடந்ததைச் சொன்னால் போலீஸ் சும்மா விடுமா, கடையை எடுக்கச் சொல்வார்களா என்று ஒரு பக்கம். நான் சொல்வதால் உண்மையிலேயே எம்.டி. விற்கிற ஒருவன் வெளியே போய்விடுவானா என்று இன்னொரு பக்கம். எங்கள் லைனில் ஒரு வீட்டுப் பிள்ளை அந்தத் தூளால் படிப்பை விட்டு, அம்மாவின் தாலிச் செயினைத் திருடி விற்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வக்கீலிடம் இதையும் கேட்டேன். "தம்பி, அவன் வித்தானா இல்லையான்னு உங்களை யாரும் கேக்கலை. நீங்க என்ன பார்த்தீங்கன்னுதான் கேப்பாங்க. பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்லுங்க, பார்க்காததைப் பார்க்கலைன்னு சொல்லுங்க" என்றார். சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் பொய் சொன்னால் ஏழு ஆண்டு வரை தண்டனை கிடைக்கலாம் என்பதையும் சொல்லி வைத்தார்.

கோர்ட்டில் அன்று நல்ல மழை, உள்ளே எல்லாரும் நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். பையன் 2023-இல் ஜாமீனில் வந்திருந்தான். விசாரணை முடியாமலே நாலு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்த காரணத்துக்காகக் கிடைத்த ஜாமீன். பக்கத்தில் அவன் அம்மா, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை இறுக்கிப் பிடித்தபடி. எந்த மொழியில் சொல்கிறாய் என்று கேட்டார்கள். இந்தி என்றேன். இதிலும் கவனம் வேண்டும். சாட்சிக்கு எந்த மொழி சரளமோ அதைக் கேட்கலாம், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் வைப்பார்கள். ரோஷத்துக்காகத் தெரியாத மொழியில் பேசி ஒரு சொல் மாறிப்போனால், பதிவாவது அந்தச் சொல்தான்.

அரசு வக்கீல் முதலில் கையெழுத்தைக் காட்டினார். என்னுடையதுதான் என்றேன். 7.15-க்கு வந்தீர்களா? இல்லை, ஒன்பது மணிக்கு மேல். உறையைப் பையிலிருந்து எடுத்ததைப் பார்த்தீர்களா? இல்லை, பானெட்டில் இருந்தது. அவர் எழுந்து நீதிபதியிடம் ஏதோ சொன்னார். என்னைப் பிறழ் சாட்சி, அதாவது அழைத்த தரப்புக்கே எதிராகப் பேசும் சாட்சி, என்று அறிவித்துவிட்டு, அவரே என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். எதிர்த்தரப்பிடம் பணம் வாங்கிவிட்டீர்களா என்றார். மிரட்டினார்களா என்றார். இரண்டுக்கும் இல்லை என்று சொல்லும்போது குரல் நடுங்கியது. பிறழ் சாட்சி என்ற சொல்லை சினிமாவில் கெட்டவனுக்குத்தான் கேட்டிருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் நேராகத் தராசுக்குப் போனார். யாருடையது, எத்தனை கிராம் வீதம் ஏறும், உறையைப் பிரித்து நிறுத்தார்களா என்று மூன்று கேள்வி. பதில் சொன்னேன்.

முடியப் போகிறது என்று நினைத்தபோது நீதிபதியே கேட்டார்: "படிக்காமல் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?" நான் யோசித்து வைத்திருந்த பதில் எதுவும் வரவில்லை. "சிவராத்திரி சாப், கடையில் கூட்டம்" என்றேன். அதைத் தட்டச்சு செய்தார்கள். அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஜாமீன் கேட்ட ஒவ்வொரு தடவையும் அரசுத் தரப்பு நீட்டிய காகிதத்தில் என் கையெழுத்து இருந்திருக்கிறது. நான் வில்வம் விற்றுக்கொண்டிருந்த நாலு வருடமும் அது வேலை செய்திருக்கிறது.

நவம்பரில் தீர்ப்பு. பையன் விடுதலை. வக்கீல் மூலம்தான் தெரிந்தது. உரிமையைச் சொன்ன விதம் 50-ஆவது பிரிவுக்கு ஒத்துவரவில்லை. ஆய்வுக்கு அனுப்பும் தூள் மாதிரியை மாஜிஸ்திரேட் முன் எடுக்காமல் தெருவிலேயே எடுத்தது 52ஏ பிரிவுக்கு ஒத்துவரவில்லை. எடையும் நேரமும் சந்தேகம். தூள் மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னால்தான் எடுக்க வேண்டும் என்று 2016-இல் மோகன்லால் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படி எடுத்தால்தான் ஆய்வகத்துக்குப் போன தூளும் தெருவில் பிடித்த தூளும் ஒன்றுதான் என்று யாராலும் சொல்ல முடியும்.

இதைப் படித்துவிட்டு, முறையில் ஒரு ஓட்டை இருந்தால் கேஸ் தானாக விழுந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பகுதியில் பல பேர் அப்படி நம்பி, சரியான வக்கீல் வைக்காமல் இருந்துவிடுகிறார்கள். 50-ஆவது பிரிவு உடம்புச் சோதனைக்குத்தான். தோள்பையிலோ பெட்டியிலோ வண்டியிலோ கிடைத்தால் அது பொருந்தாது என்று 2023-இல் ரஞ்சன் குமார் சட்டா வழக்கில் மறுபடியும் சொல்லிவிட்டார்கள். 52ஏ-வைப் பின்பற்றாதது மட்டுமே விடுதலைக்குப் போதாது, மற்ற சாட்சியம் பலமாக இருந்தால் தண்டிக்கலாம் என்று 2025 ஜனவரியில் பரத் ஆம்பலே வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. பஞ்ச் பிறழ்ந்தாலும் போலீஸ் சாட்சியை நம்பத் தகுந்தது என்று கோர்ட் நினைத்தால் தண்டனை உண்டு. குடும்பத்தில் யாராவது மாட்டிக்கொண்டால் முதல் நாளே பார்க்க வேண்டியது மூன்று விஷயம்: பொருள் எங்கிருந்து எடுத்ததாக எழுதியிருக்கிறார்கள், எடை எவ்வளவு, உறையோடா உறை இல்லாமலா. விசாரணையில் அதிகாரியிடம் கொடுத்ததாகச் சொல்லும் வாக்குமூலத்தை நினைத்து இடிந்து போக வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020-இல், அதை ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பு இருக்கிறது.

அவன் நிரபராதியா? எனக்குத் தெரியாது. இதைத்தான் எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். தூள் அவன் பையில் இருந்திருக்கலாம். இருந்திருந்தால், என்னை ஏழேகாலுக்கே கூப்பிட்டு, முறைப்படி சொல்லி, சரியான தராசில் உறை பிரித்து நிறுத்திருந்தால், நானே கூண்டில் நின்று ஆமாம் பார்த்தேன் என்று சொல்லியிருப்பேன், அவனால் தப்பியிருக்க முடியாது. இல்லாதிருந்தால், ஒரு பையனின் நாலு வருடம் போய்விட்டது. இரண்டில் எது நடந்தது என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தப்பிக்கும் சந்து என்று இந்த விதிகளை ஆட்கள் திட்டும்போது எனக்குக் கோபம் வருகிறது. பானெட்டில் கிடந்த அந்த உறைதான் கண்ணுக்கு வரும்.

எனக்கு ஆன செலவு: ஒன்பது நாள் வியாபாரம் சுமார் 18,000, வாரண்டுக்கு 2,500, வக்கீலுக்கு 3,500. மொத்தம் 24,000 ரூபாய். அந்த அம்மாவுக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

இனி உங்களைக் கூப்பிட்டால் என்ன செய்வது? எழுத்து மூலமாக உத்தரவு கொடுத்துச் சோதனைக்குச் சாட்சியாக அழைத்தால், நியாயமான காரணம் இல்லாமல் மறுப்பது குற்றம். வாயால் கூப்பிட்டால் பணிவாகக் காரணத்தைச் சொல்லலாம். ஆனால் நல்லவர்கள் எல்லாரும் ஒதுங்கிவிட்டால், யார் என்றே தெரியாத அந்த இன்னொரு ஆள் மாதிரி இருப்பவர்கள்தான் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவார்கள். அதனால் போங்கள், ஆனால் சோதனை தொடங்கும் முன் போய்ச் சேருங்கள். ஏற்கெனவே முடிந்திருந்தால், முடிந்த பிறகு வந்தேன் என்று எழுதினால்தான் கையெழுத்து என்று சொல்லுங்கள். எழுதாத சீட்டில் போடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த மொழியில் முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத மொழி என்றால், கையெழுத்துக்கு மேலே தமிழிலேயே "எனக்கு மராத்தி படிக்கத் தெரியாது, இந்தியில் வாசித்துக் காட்டினார்கள்" என்று எழுதி நேரத்தைப் போடுங்கள். முத்திரை யாருடையது, குத்திய பிறகு யார் கையில் போனது என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே, தூங்குவதற்கு முன், நோட்டில் எழுதி வையுங்கள். அப்போதைக்கு அப்போது எழுதிய சொந்தக் குறிப்பைப் பார்த்து, கோர்ட்டின் அனுமதியோடு, கூண்டில் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். இரண்டு தரப்பு ஆட்களிடமும் டீகூட வாங்கிக் குடிக்காதீர்கள்.

2025 செப்டம்பரில் மறுபடியும் கூப்பிட்டார்கள், வேறு குழு. உத்தரவை எழுத்தில் தரச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். 2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்த பிறகு சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒருவர் செல்போனைப் பிடித்துக்கொண்டே நின்றார். சோதனைக்கு முன் அந்த ஆளிடம் உரிமையைச் சொன்னதை என் காதால் கேட்டேன், மாஜிஸ்திரேட், கெசட்டட் அதிகாரி, இரண்டே இரண்டு. தராசு அவர்களுடையது, தசம எண்ணோடு காட்டியது. உறையை நிறுக்கும் முன் நான்தான், "காலி கவர் அலக் சே" என்றேன். தனியாக நிறுத்தார்கள், 2.8 கிராம் இருந்தது. வாசித்துக் காட்டச் சொன்னதில் எல்லாருக்கும் நேரமாகிவிட்டது. அந்த அதிகாரி எரிச்சலோடுதான் வாசித்தார், ஆனால் ஒரு வரியை அவரே திருத்தினார். கீழே தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டபோது ராத்திரி ஒன்றரை.

வீட்டில் மனைவி விழித்திருந்தாள். "என்ன எழுதியிருந்துச்சு?" என்றாள். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அப்புறம் பூக்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு பக்கம் எழுதி, தேதி போட்டு, கல்லாவுக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. சம்மன் இதுவரை வரவில்லை.